விரகாலூர்க்காரர் கேட்ட ஏழெட்டுக் கேள்விகள்

2017 ஜூலை முதல் வாரம். கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, ஊர்க்காரர்கள் மறியல் செய்து, கைது எல்லாம் நடந்திருந்த சமயம். நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா தம்பி, நீதான் பி.ஈ. படிச்சிருக்கியே, ஒண்ணு சொல்லு. நெலம் எம் பேர்ல பட்டா. வரி நான் கட்டுறேன். அதுக்குக் கீழ இருக்குறது யாருது?"

"கவர்மென்ட்டுதாத்தான் இருக்கும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து, 2020 நவம்பரில், கொரோனாவுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. மும்பை பக்கம் தலோஜா சிறையில் 83 வயசு பாதிரியார் ஒருவர். பார்கின்சன் நோய், கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியவில்லை, உறிஞ்சு குழல் வேண்டும் என்று கோர்ட்டில் கேட்கிறார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்கிறது. பலரும் கோபமாக ஷேர் செய்தார்கள். நானும் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். பேரைப் பார்த்து வடக்கத்திக்காரர் என்று நினைத்தேன்.

அவர் வடக்கத்திக்காரர் இல்லை. ஸ்டேன் சுவாமியின் முழுப்பெயர் ஸ்டனிஸ்லாஸ் லூர்துசாமி. 1937 ஏப்ரல் 26-ஆம் தேதி திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், நம்ம ஊர்ப் பக்கத்து ஆள். இது எனக்கு அவர் இறந்த பிறகு, 2021 ஜூலையில்தான் தெரியும். அப்போதுதான் கைதாவதற்கு முன்னால் அவர் எழுதிவைத்த சிறு குறிப்பு ஒன்றைப் படித்தேன். தான் ஏன் தேசவிரோதி ஆக்கப்பட்டேன் என்று அவரே காரணங்களை வரிசையாகச் சொல்கிறார். ஏழெட்டுக் கேள்விகள். அதில் ஒன்று என் சித்தப்பாவின் கேள்வி. உச்சநீதிமன்றத் தீர்ப்பின் தேதியோடு.

அதிலிருந்து இரண்டு மூன்று வருஷமாக விட்டுவிட்டு அவரைப் பற்றிப் படித்து வருகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. இறையியலும் படித்ததில்லை. ஆனால் அவரைப் பற்றித் தமிழில் வருவதெல்லாம் அந்த உறிஞ்சு குழலோடு நின்றுவிடுகிறது. பரிதாபத்துக்குரிய கிழவர் என்ற சித்திரம். அவர் என்ன யோசித்தார், ஒரு சாமியாருக்கு இந்தக் கேள்விகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதை யாரும் விளக்குவதில்லை. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

டெல்டாவில் வளர்ந்த எங்களுக்கு ஃபாதர் என்றால் பள்ளிக்கூடம். கொஞ்சம் கண்டிப்பு, நல்ல இங்கிலீஷ், வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம், தேர் பவனி, அவ்வளவுதான். நிலம், கூலி, வழக்கு என்றெல்லாம் பேசுவது செங்கொடிக்காரர்கள் வேலை. கோயிலும் சர்ச்சும் அதற்கு இந்தப் பக்கம். இந்தக் கோடு ரொம்ப இயல்பானது என்றுதான் நினைத்திருந்தேன்.

லூர்துசாமி 1957-இல் இயேசு சபையில் சேர்ந்தார். சேர்ந்தது இங்கே இல்லை, இப்போது ஜார்கண்ட் என்று சொல்கிற அன்றைய தெற்கு பீகாரில். அறுபதுகளில் சாய்பாசா பக்கத்தில் லுபுங்குட்டு பள்ளியில் ஹோ ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு வாத்தியார், ஹாஸ்டல் வார்டன். பிள்ளைகளோடு வாரச் சந்தைக்குப் போனால் வியாபாரிகள் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவை எடையிலும் விலையிலும் ஏமாற்றுவது கண்முன்னே நடக்கிறது. பாடம் நடத்தி மார்க் வாங்கவைத்தால் இது மாறிவிடுமா? இந்தச் சந்தேகத்தோடுதான் மணிலாவுக்கு இறையியலும் சமூகவியலும் படிக்கப் போகிறார். 1970-இல் குருப்பட்டம். பிறகு பிரஸ்ஸல்ஸிலும் கொஞ்ச காலம் படிப்பு. அங்கே பிரேசில் பேராயர் ஹெல்டர் கமராவோடு பழக்கம் ஏற்பட்டது. ஏழைக்குச் சோறு போட்டால் புனிதர் என்கிறார்கள், ஏன் ஏழை என்று கேட்டால் கம்யூனிஸ்ட் என்கிறார்கள் என்ற பொருளில் பேசியதற்காக உலகம் முழுக்கத் தெரிந்த அதே கமரா.

இங்கே கொஞ்சம் நின்று பின்னணியைச் சொல்லிவிட வேண்டும்.

1968 ஆகஸ்ட், செப்டம்பரில் கொலம்பியா நாட்டு மெடலின் நகரத்தில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடினார்கள். அதுவரை பாவம் என்றால் தனி மனுஷன் செய்வது: பொய், திருட்டு, கொலை. அந்தக் கூட்டத்தில் 'நிறுவனமாகிப்போன வன்முறை' என்று ஒரு கருத்தை முன்வைத்தார்கள். யாரும் யாரையும் அடிக்காமலே, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள் என்கிற ஏற்பாடே ஒரு வன்முறையாக இருக்க முடியும் என்றார்கள். கேட்க அருவமாக இருக்கும். ஆனால் அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, டிசம்பர் 25 ராத்திரி, நம்ம கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். தீ வைத்தது தனி மனுஷர்கள்தான். ஆனால் 1952-லேயே தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தும் அரைப்படி நெல்லுக்கு உயிர் போகிற நிலைமை 1968 வரை எப்படி நீடித்தது, குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் 1973-இல் உயர்நீதிமன்றத்தில் எப்படி விடுதலையானார்கள் என்பதற்குத் தனி மனுஷக் கெட்ட புத்தியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மெடலினில் பேசியது டெல்டாக்காரனுக்குப் புரியாத விஷயமே இல்லை.

இயேசு சபை இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1974-75-இல். அவர்களுடைய 32-வது பொதுப் பேரவை, தலைவராக பெத்ரோ அருப்பே. அதன் நான்காவது தீர்மானம், இன்றைக்கு எங்கள் பணி விசுவாசத்துக்கு ஊழியம் செய்வது, நீதிக்காக உழைப்பது அதன் கட்டாயத் தேவை என்கிறது. நீதி என்பது ஆன்மிகம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் செய்கிற சமூக சேவை என்ற நினைப்பு இதோடு போனது. எங்கள் பாஷையில் சொன்னால் 'ஆப்ஷனல்' என்று இருந்ததை 'மேண்டேட்டரி' ஆக்கிவிட்டார்கள். சபைக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது வேறு கதை.

அந்த 1975-இல்தான் ஸ்டேன் சுவாமி பெங்களூர் இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட் இயக்குநர் ஆகிறார். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பொறுப்பு. தென்னிந்தியா முழுக்க எத்தனையோ கிராமப் பணியாளர்கள் அங்கே போய் சமூகப் பகுப்பாய்வு கற்றுக்கொண்டு வந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாய்பாசாவுக்கே திரும்பிப் போய்விட்டார். 2006-இல் ராஞ்சி பக்கம் நாம்கும் என்ற இடத்தில் 'பகைச்சா' என்ற மையத்தை ஆரம்பித்தார். பகைச்சா என்றால் தோட்டம். கைதாகும் வரை அதுதான் அவருக்கு வீடு.

இனி அந்தக் கேள்விகள்.

அரசியல் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. 244(1)-ஆவது பிரிவின்கீழ் வருவது. பத்து மாநிலங்களில் ஆதிவாசிகள் அதிகம் வாழும் பகுதிகளுக்கான தனிப் பாதுகாப்பு. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் நமக்கு அது தெரிவதில்லை. அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், ஆளுநர் தனியாகக் கவனிக்க வேண்டும். இது ஏன் காகிதத்திலேயே இருக்கிறது? இது முதல் கேள்வி.

1996-இல் பெசா சட்டம் வந்தது. அந்தப் பகுதிகளில் கிராம சபையைக் கலந்துகொள்ளாமல் நிலம் எடுக்கக் கூடாது. இதை ஏன் நடைமுறைப்படுத்தவில்லை? அவர் உயிரோடு இருந்தவரை ஜார்கண்ட் அரசு அந்தச் சட்டத்துக்கான விதிகளைக்கூட வகுக்கவில்லை. 1997-இல் சமதா வழக்குத் தீர்ப்பு. ஆந்திராவில் ஆதிவாசிப் பகுதிச் சுரங்கங்களைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகை விட்டது செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. மற்ற மாநிலங்கள் ஏன் அந்தத் தீர்ப்பு வராதது போலவே நடந்துகொள்கின்றன? 2006 வன உரிமைச் சட்டம் ஏன் அரைகுறை? ஜார்கண்ட் அரசு 'நில வங்கி' என்று அறிவித்து, பரம்பரையாக ஊர்ப் பொதுவில் மேய்ச்சலுக்கும் சுள்ளி பொறுக்கவும் வைத்திருந்த 20 லட்சம் ஏக்கருக்கு மேல் தொழில் முதலீட்டாளர்களுக்குக் காட்டியதே, அது யாருடைய நிலம்? நம்ம ஊரில் மேய்க்கால் புறம்போக்கு என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த வகை.

2013 ஜூலை 8-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், நிலத்தின் சொந்தக்காரருக்கே பொதுவாக அதன் அடிமண் கனிமமும் சொந்தம், சட்டப்படி அவரிடமிருந்து எடுக்கப்படாதவரை, என்று சொன்னது. அப்படியானால் ஜார்கண்டில் ஆதிவாசி நிலத்துக்கு அடியில் இருக்கும் நிலக்கரியும் இரும்பும் யாருடையது? இதுதான் சித்தப்பா கேள்வி.

இவற்றில் ஒன்றுகூடப் புரட்சிகரமான கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இல்லை உச்சநீதிமன்றத் தீர்ப்பு. புதிதாக எதையும் அவர் கேட்கவில்லை. என் தொழிலில் இதற்கு ஒரு பேர் உண்டு. ஸ்பெக் டாக்குமென்டில் எழுதியிருக்கிறது, இம்ப்ளிமென்டேஷனில் காணோம். டெஸ்ட் பண்ணுகிற ஆள் ஒவ்வொன்றாக எண் போட்டு பக் ரிப்போர்ட் எழுதுவார். நல்ல டீம் என்றால் அவருக்கு நன்றி சொல்லும். இவர் மேல் கேஸ் போட்டார்கள்.

முதல் கேஸ் 2018 ஜூலையில். தேசத்துரோகம். அதுவும் ஒரு கல்வெட்டு விவகாரம்தான். முண்டா மக்களிடம் 'பத்தல்கடி' என்று பழைய வழக்கம். செத்தவர் நினைவுக்கும் ஊர் எல்லைக்கும் பெரிய கல் நடுவார்கள். 2017-18-இல் குந்தி மாவட்டத்துக் கிராமங்களில் அந்தக் கல்லில் ஐந்தாவது அட்டவணையையும் பெசா சட்டத்தையும் பொறித்து ஊர் எல்லையில் நட்டார்கள். சில இடங்களில் எல்லை மீறிப் போனார்கள், சட்டத்துக்குத் தவறான பொருளும் சொன்னார்கள் என்ற விமர்சனம் உண்டு. ஆனால் அவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஸ்டேன் சுவாமி உட்பட 20 பேர் மேல் தேசத்துரோக வழக்கு. 2019 டிசம்பரில் வந்த புது அரசு பத்தல்கடி வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

கல்லில் உரிமையை எழுதுவது என்றால் தஞ்சாவூர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பெரிய கோயில் சுவர் முழுக்க அதுதானே. ராஜராஜன் வெட்டியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். ஆனால் பழைய தஞ்சை மாவட்டத்துக் கொறுக்கையில் 1429-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். விஜயநகர அதிகாரிகளும் ஊர் நிலவுடைமைக்காரர்களும் சேர்ந்துகொண்டு வரி போட்டு நசுக்கியபோது வலங்கை, இடங்கை ஜாதிகள் ஒன்றாகக் கூடி, இன்ன வரிதான் கட்டுவோம், அநியாயத்துக்குத் துணை போக மாட்டோம் என்று தீர்மானம் போட்டுக் கோயிலிலேயே வெட்டி வைத்தார்கள். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய டெல்டா பத்தல்கடி. இதை நாம் பெருமையாக ஆராய்ச்சிக் கட்டுரையில் போடுகிறோம்.

நான் அதிகம் யோசித்தது அவருடைய கடைசிக் கேள்வியைத்தான். நக்சலைட் என்று சொல்லி ஜார்கண்ட் சிறைகளில் போடப்பட்ட ஆதிவாசி இளைஞர்கள் யார்? இதற்குக் கட்டுரை எழுதி ஆதங்கப்பட்டிருக்கலாம். அவர் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு கணக்கெடுக்கப் போனார். ஜாமீனில் வெளியே வந்த விசாரணைக் கைதிகள் 102 பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வில், தங்கள் மேல் சொல்லப்பட்ட மாவோயிஸ்ட் தொடர்பு பொய் என்று 97 சதவீதம் பேர் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் ஆமாம் என்றா சொல்வான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம், எனக்கும் வந்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. இவர்களுடைய மாச வருமானம் என்ன, ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் எதை விற்றார்கள், வழக்கு எத்தனை வருஷமாக இழுக்கிறது என்று போகிறது. பெரும்பாலோர் மாசம் 5,000 ரூபாய்கூட இல்லாத வீட்டுக்காரர்கள். மாட்டை விற்று, நிலத்தை அடகு வைத்து கோர்ட்டுக்கு அலைகிறார்கள். கடைசியில் விடுதலையானாலும் தண்டனை அனுபவித்து முடித்தாயிற்று. விசாரணையே தண்டனை. இதை வைத்து வழக்கறிஞர் சுதா பரத்வாஜோடு சேர்ந்து ஜார்கண்ட் உயர்நீதிமன்றத்தில் விசாரணைக் கைதிகளுக்காகப் பொதுநல வழக்கும் போட்டார்.

எனக்குத் தெரிந்தவரை அவருடைய விசுவாசம் இந்த வடிவத்தில்தான் இருந்தது. பிரசங்கம் செய்வதைவிட எண்ணிப் பார்ப்பதில் நம்பிக்கை வைத்த சாமியார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பேர், ஒரு ஊர், ஒரு வழக்கு எண் உண்டு என்று எழுதி வைப்பது. பகைச்சா வளாகத்தில் பிர்சா முண்டா சிலையோடு ஒரு கல் இருக்கிறது. போராட்டங்களில் செத்த ஆதிவாசிகளின் பேர்கள் பொறித்தது. அந்தக் கல்லும் இந்த ஆய்வும் எனக்கு ஒரே வேலையாகத்தான் படுகிறது.

2020 அக்டோபர் 8. பீமா கோரேகாவ் வழக்கில், உபா சட்டத்தில், என்.ஐ.ஏ. அவரைக் கைது செய்தது. தடை செய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்றார். 2021 மார்ச் 22-இல் ஜாமீன் மனு தள்ளுபடி. இது எப்படி என்று பலர் கேட்டார்கள். காரணம் உபா சட்டத்தின் 43டி(5) பிரிவு. போலீஸ் சொல்வது முதல் பார்வைக்கு உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. 2019-இல் வதாலி வழக்கில் உச்சநீதிமன்றம், ஜாமீன் கட்டத்தில் ஆதாரத்தைத் துருவிப் பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆதாரம் பொய்யா என்று விசாரணையில்தான் பார்க்க வேண்டும். விசாரணை எப்போது? அதற்கு 84 வயசு காத்திருக்காது.

ஆதாரம் என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்கள். இது என் ஏரியா என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைல் இருக்கிறது என்பதால் மட்டும் அந்த ஆள் அதை எழுதினார் என்றோ, படித்தார் என்றோ ஆகாது. ஒரு டாக்குமென்டைத் திறந்தால் சிஸ்டம் பல இடங்களில் தடம் விடும். எது எப்போது வந்தது, எந்த ப்ரோக்ராம் கொண்டுவந்து வைத்தது, அதற்கப்புறம் யாராவது திறந்தார்களா என்பதை டிஸ்க்கின் பிரதியை வைத்து ஓரளவு சொல்ல முடியும். எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேட்டு அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் அப்படிப் பார்த்தது. 2022 டிசம்பரில் வந்த அறிக்கையில், 2014 அக்டோபரிலிருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள் நெட்வயர் என்ற வேவு மென்பொருள் மூலம் யாரோ நுழைந்திருந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், அவர் அவற்றைத் திறந்ததற்கான தடமே இல்லை என்றார்கள். புனே போலீஸ் 2019 ஜூன் 12-இல் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனது. நுழைந்தவர் முந்தின ராத்திரி தன் தடங்களை அழிக்க முயன்றிருக்கிறார் என்பதும் அறிக்கையில் உண்டு. என்.ஐ.ஏ. இவர்களுடைய முடிவுகளை ஏற்கவில்லை. கோர்ட் இதை இன்னும் சோதித்துத் தீர்ப்பு சொல்லவில்லை. என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. லாக் ஃபைலைப் பார்க்காமல் நாங்கள் ஒரு சர்வரைக்கூட ரீஸ்டார்ட் பண்ண மாட்டோம். ஒரு மனுஷனை ஒன்பது மாசம் உள்ளே வைக்க அது தேவைப்படவில்லை.

சிறைக்குப் போனவர் என்ன எழுதினார் என்று பார்த்தால் அங்கேயும் அதே ஆள்தான். கடிதங்களில் தன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம்தான். அருண் ஃபெரேரா சாப்பிட உதவுகிறார், வெர்னன் கோன்சால்வஸ் குளிக்க உதவுகிறார் என்று இரண்டு வரி. பக்கத்தில் இருக்கும் ஏழை விசாரணைக் கைதிகளைப் பற்றித்தான் பேச்சு. தங்கள் மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாதவர்கள், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்க்காதவர்கள், கேட்க ஆளில்லாமல் வருஷக்கணக்காகக் கிடப்பவர்கள். ஜார்கண்டில் வெளியே நின்று எண்ணியவர்களை இப்போது உள்ளே இருந்து எண்ணிக்கொண்டிருந்தார். 2021 முடிவில் இந்தியச் சிறைகளில் 5.54 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் 4.27 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். 77 சதவீதம்.

ஒரு இடறலையும் சொல்லியாக வேண்டும். நீதி பற்றி இவ்வளவு பேசும் திருச்சபை தன் வீட்டுக்குள் என்ன செய்தது? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே புதைக்கச் சுவர் எழுப்பியிருந்தது டெல்டாவில் தெரிந்த கதை. விரகாலூரிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று முறையாக ஒன்றை வெளியிட்டது 2016 டிசம்பரில். அரசுப் பக்கமும் சுத்தமில்லை. 1950-ஆம் வருஷ ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. மதம் மாறினால் சேரி மாறிவிடுமா என்ன? ஜாதியைச் சுவர் கட்டிக் காப்பாற்றியதும் அதே திருச்சபை, ஸ்டேன் சுவாமி மாதிரி ஆளை உருவாக்கியதும் அதே திருச்சபை. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை.

2021 மே 21-ஆம் தேதி வீடியோவில் மும்பை உயர்நீதிமன்ற நீதிபதிகளிடம் பேசினார். உள்ளே வரும்போது தானாக நடந்தேன், எழுதினேன், சாப்பிட்டேன், இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். அரசு ஆஸ்பத்திரி வேண்டாம், முடிந்தால் ராஞ்சிக்கு அனுப்புங்கள், என் ஆட்களோடு இருக்கிறேன் என்று கேட்டார். பிறகு பாந்த்ராவில் ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஜூலை 5, ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று, அவர் இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கோர்ட்டில் தெரிவித்தார். அவர் பேரிலிருந்த களங்கத்தை நீக்கக் கேட்டு அவருடைய சபைத் தோழர் ஃபிரேசர் மஸ்கரேனஸ் அதே கோர்ட்டுக்குப் போனார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் பதில் சொன்னேன். லேட்டுதான். 2013 தீர்ப்பைச் சொன்னேன். அது ஒரு கேரள வழக்கு, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் 1948-லிருந்தே தனிச் சட்டம், உரிமம் கொடுப்பது அரசு, அதனால் அந்தத் தீர்ப்பை அப்படியே நம்ம வயலுக்கு வைத்துப் பேச முடியாது என்றும் சொன்னேன். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள், புதிதாகக் கிணறு தோண்டத் தடை, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அது தொடாது என்றேன். இந்தக் கேள்வியை நம்ம கொள்ளிடத்துக்கு வடகரைக்காரர் ஒருத்தர் ஜார்கண்டில் கேட்டார் என்று அவர் கதையையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு கேட்டதுக்கு என்ன பதில் வந்துச்சு?" என்றார்.

கோர்ட்டிலிருந்து எதுவும் வரவில்லை என்றேன்.

"சரி, அந்தத் தீர்ப்பு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். எழுதிக் கொடுத்தேன். பட்டாவும் சிட்டாவும் வைத்திருக்கிற மஞ்சப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.